நெடுந்தீவுக் கம்பைலர் மீது நான் கொடுத்த புகார்

விதி இப்படிச் சொல்கிறது: அழைப்பிலிருந்து ஊகித்துப் பெறும் எண்ணின் வகை, அச்சில் எழுதியிருக்கும் எண்ணின் வகையோடு அப்படியே பொருந்த வேண்டும், வரிசை ஒன்றின் நீளத்திலிருந்து ஊகித்ததாயின் மட்டும் அது எந்த முழு எண் வகையாகவும் இருக்கலாம்.

சி++ என்ற கணினி மொழியின் தரநூலில், பதினான்காம் அதிகாரத்தில் இருக்கிறது இந்த விதி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதல் பாதியை வேகமாகவும் இரண்டாம் பாதியை நிறுத்தி உரக்கவும் சொல்வது என் வழக்கம். 2003ஆம் ஆண்டு புரட்டாசியில், பென்ஷன் வாங்கும் வயதில், கடல் தாண்டி யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு நான் போக நேர்ந்தது அந்த வழக்கத்தால்தான்.

கணினி அறியாதவர்களுக்கு இரண்டு வரி. நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். டெம்ப்ளேட் என்பது முறுக்கு அச்சு மாதிரி: ஒரு முறை செய்து வைத்தால் போதும். எவ்வளவு மாவு, என்ன மாவு என்று நாம் சொல்ல வேண்டாம். உள்ளே போட்டதைப் பார்த்துக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், இரண்டு நிறுவனங்கள் செய்த இரண்டு கம்பைலர்கள் ஒரே விதியைப் படித்துவிட்டு வேறு வேறாக ஊகிக்கும். அப்போது யாராவது நேரில் போய் நியாயம் சொல்ல வேண்டும் என்று நான் நம்பினேன்.

என்னை அழைத்தவர் றெஜினோல்ட் மாஸ்டர். ஊர்காவற்றுறையில் கணித ஆசிரியர். சண்டைக் காலத்தில் அகதியாகச் சென்னைக்கு வந்து, நான் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஒப்பந்த ஊழியராகச் சில வருடங்கள் இருந்தார். சண்டை ஓய்ந்ததும் ஊர் திரும்பி, மீனவர் சங்கத்துக்காக ஒரு நிரல் எழுதினார். எந்தப் படகு போயிற்று, எத்தனை பேர் போனார்கள், யார் கரைக்கு வரவில்லை என்று காட்டும் பட்டியல். ஊர்காவற்றுறைப் படகுகள் காற்று மாறினால் நெடுந்தீவில் ஒதுங்கும் என்பதால் இரண்டு கரைச் சங்க அறைகளிலும் அது ஓட வேண்டும். ஊர்காவற்றுறையில் ஓடியது. நெடுந்தீவில் இருந்தது யாரோ நன்கொடையாகத் தந்த வேறு இனத்து இயந்திரம், வேறு கம்பைலர். அங்கே ஓடவில்லை.

ஓடாத பகுதியைச் சென்னையிலிருந்து எழுதி அனுப்பியவன் நான். அந்தக் கம்பைலர் செய்த அமெரிக்க நிறுவனத்துக்கு முறைப்படி புகார் எழுதி, விதி எண் குறிப்பிட்டு, அரையாண்டாகப் பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் வராதபோது அடுத்த மேல்நிலைக்கு நேரில் செல்வது அலுவலக மரபு. இங்கே மேல்நிலை எதுவும் இல்லாததால் கம்பைலரையே நேரில் பார்க்கப் புறப்பட்டேன்.

அல்லைப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவர் என் பையைத் திறந்தார். உள்ளே கறுப்பு அட்டை போட்டுத் தைத்த தரநூல், செங்கல் கனத்தில். புரட்டினார். எண்ணிட்ட அதிகாரங்கள், எண்ணிட்ட வசனங்கள். என் நரைத்த தாடியைப் பார்த்தார். "பாதர்?" என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்குவதற்குள் மரியாதையாகப் பையை மூடித் தந்துவிட்டார். அவசரமாக பஸ் ஏறியதில் என் செருப்பின் வார் அறுந்தது. பாதிரியாராக நினைக்கப்பட்டவன் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி ஏறியதை அவர் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் புதுச் செருப்பு வாங்கினேன். ரப்பர், நீல வார். கடையில் இருந்ததே அந்த ஒரு வகைதான். சென்னையில் ஒரு செருப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்கும் எனக்கு இது பெரிய ஆறுதல்.

மிஷன் வீட்டில் தங்கினேன். சமையல் தெரேசா அக்கா. நான் சைவம் என்று முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தேன். மாலையில் பனையோலையை மடித்த பிளாவில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற் கூழ் வந்தது. வாசனை சந்தேகமாக இருந்தது.

"இதில் மீன் போட்டீர்களா அம்மா?"

"போட்டனான்தான் ஐயா. உங்களுக்கு எண்டு மீனெல்லாத்தையும் எடுத்துப்போட்டுத்தான் தந்தனான். குடியுங்கோ."

குடித்தேன். எங்கள் வீட்டு ரசத்துக்கு இல்லாத ஓர் ஆழம் அதில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் ஊகிக்க விரும்பவில்லை.

கூழுக்குப் பிறகு றெஜி மாஸ்டரோடு சங்க அறைக்கு நடந்தேன். நடையில்தான் அவர் காரியத்தின் கனத்தைச் சொன்னார். தெரேசா அக்காவின் கணவர் சூசை. போன வாடைக்காற்றில் அவருடைய படகு நெடுந்தீவில் பத்திரமாக ஒதுங்கியிருந்தது. இங்கே யாருக்கும் தெரியாது. தேடப் போனது சூசையின் தம்பி. மறுநாள் சூசை திரும்பிவிட்டார். தேடப் போனவர் திரும்பவில்லை.

"அதுக்குப் பிறகுதான் சேர் இந்த நிரலை எழுதத் தொடங்கினனான். வாற ஞாயிறு சங்கக் கூட்டம். அதுக்குள்ளை ரெண்டு கரையிலையும் ஓடாட்டி விட்டிடுவம் எண்டுதான் கதை. வாடை கிட்ட வந்திட்டுது."

"படகில் எத்தனை பேர் போகிறார்கள் என்று யார் சொல்கிறார்கள்?"

"ஒருத்தரும் சொல்லமாட்டினம். கடலுக்குப் போறவனிட்டை எங்கை போறாய், எத்தினை பேர் எண்டு கேக்கக்கூடாது. கேட்டா அண்டைக்குத் தொழில் இல்லை, திரும்பிப் போயிடுவினம்."

"பிறகு எப்படி?"

"செருப்பு, சேர். ஒவ்வொரு படகுக்கும் கரையிலை ஒரு கட்டை இருக்கு. செருப்பைக் கட்டையடியிலை கழட்டிவிட்டுத்தான் ஏறுவினம். படகு போனாப் பிறகு நான் போய் எண்ணுவன். செருப்பு கரையிலை எண்டா ஆள் கடலிலை."

மனிதர்கள் சொல்லாத எண்ணை, அவர்கள் விட்டுச் சென்றதிலிருந்து ஊகிப்பது. நாற்பது பக்கத்தில் தரநூல் சொல்வதை இவர் கடற்கரையில் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆகவே உடனே சண்டை போட்டேன்.

சண்டை இதுதான். நாலு பேர் படகு, ஆறு பேர் படகு என்று படகுக்கு ஓர் அச்சு. அதில் கொள்ளளவைச் சாதாரண முழு எண்ணாக எழுதியிருந்தார் றெஜி. பட்டியலை அச்சிடும் பகுதியில் நான் அதையே கழித்தல் குறி அறியாத முழு எண்ணாக எழுதினேன். படகில் கழித்தல் நாலு பேர் போக முடியாது அல்லவா? இந்த நுட்பத்தில் எனக்குத் தனிப் பெருமை. ஊர்காவற்றுறைக் கம்பைலர், நாலு என்றால் நாலு என்று வாங்கிக்கொண்டது. நெடுந்தீவுக் கம்பைலர், அந்த நாலு வேறு இந்த நாலு வேறு என்று நிராகரித்தது.

"ஒரு சொல்லை மாத்தினாக் காணும் சேர். உங்கடை பகுதியிலையும் சாதாரண எண் எண்டு போட்டா ரெண்டும் ஓம் எண்டுது. நான் போட்டுப் பாத்தனான்."

"மாற்றக்கூடாது."

"ஏன் சேர்?"

"புகார் நிலுவையில் இருக்கும்போது மாற்றினால் தவறு நம்முடையது என்று நாமே ஒத்துக்கொண்டதாகும். விதியின் இரண்டாம் பாதி என்ன சொல்கிறது? எந்த முழு எண் வகையாகவும் இருக்கலாம்."

"சேர் எங்கடை ஒப்பீசிலை இருந்த மாதிரியே இருக்கிறியள்" என்றார் றெஜி. நான் அதைப் பாராட்டாகப் பதிவு செய்துகொண்டேன்.

மறுநாள் விடிகாலையில் கரையில் உலாவப் போனேன். படகுகள் புறப்படுவதற்கு முன்பே கட்டைகளைப் பார்த்துவிட ஆசை. தண்ணீரில் கால் நனைத்தேன். கோயிலோ குளமோ கடலோ, கால் நனையும் இடத்தில் செருப்பைக் கழற்றுவது அறுபது வருடப் பழக்கம்; கை கால் தானாகச் செய்யும். அப்போது மிஷன் வான் ஹோர்ன் அடித்தது. மிஷன் வீட்டுப் பாதர் வேலணைப் பிரதேச செயலகத்துக்குப் போவதற்கு முன் என்னைக் குறிகட்டுவான் படகுத்துறையில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. ஓடி ஏறினேன். வேலணை தாண்டித்தான் வெறுங்கால் தெரிந்தது. மிஷன் வீட்டுப் படியில் விட்டுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

இறுப்பிட்டியில் ஒரு மாட்டு மந்தை சாலையைக் கடந்து முடிக்கும்வரை நின்றோம். பாதர் பொறுமையாக இருந்தார். செயலகத்தில் அவர் வாங்க வேண்டிய கையெழுத்துக்கு எந்த அதிகாரியிடம் எந்த வரிசையில் போக வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டே வந்தேன். இறக்கிவிட்டதும் வான் மிக வேகமாகத் திரும்பிப் போனது.

துறையில் இரண்டு படகுகள். வெறுங்காலும் நெற்றியில் திருநீறுமாக நின்ற என்னை ஒருவர் கைபிடித்து ஏற்றினார். "அம்மாளாச்சியிட்டையோ? நேர்த்தியோ? ஏறுங்கோ ஐயா, முன்னுக்கு இருங்கோ." பதில் சொல்வதற்குள் படகு கிளம்பியது. அது நயினாதீவுப் படகு. கோயில் வாசலில் இறங்கினேன். வந்தது வந்தாயிற்று என்று நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா என் காலைப் பார்த்து, "இந்தியாவிலையிருந்து செருப்பில்லாமலே வந்திருக்கிறார்" என்று தன் மகளிடம் பக்தியோடு சொன்னார். மறுக்கவில்லை. முந்தின நாள் பாதிரியார், இன்று நேர்த்திக்காரர். உள்ளே யார் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, வெளியே இருப்பது போதுமானதாக இருந்தது.

மறுபடி குறிகட்டுவான் வந்து நெடுந்தீவுப் படகைப் பிடித்தேன். மூட்டைகளுக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவில் உட்கார இடம் கிடைத்தது. அலை ஏற ஏற முந்தின மாலைக் கூழின் நினைவும் ஏறியது. எதிரே இருந்த பெரியவர் ஒரு எலுமிச்சங்காயைக் கையில் தந்து, "மணந்துகொண்டு இருங்கோ, கதைக்காதேங்கோ" என்றார். நான் எதுவும் பேசவில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவர் அறிவுரையின் நியாயம் விளங்கியது.

நெடுந்தீவில் பவளக்கல் தரை வெயிலில் காய்ந்து கிடந்தது. செருப்பின் அருமை எனக்கு அன்று தெரிந்தது. சங்க அறையில் இருந்தவர் நாகேசு, கணக்கும் ஜெனரேட்டரும் அந்த வருடம்தான் வந்த ரேடியோவும் அவர் பொறுப்பு. தயிரும் பிட்டும் தந்தார். அந்தத் தயிருக்காகவே இன்னொரு புகார் எழுதி இன்னொரு முறை வரலாம்.

ஜெனரேட்டர் ஓடியது. கம்பைலர் முன் உட்கார்ந்தேன். நிரலை ஏற்றினேன். மறுத்தது. வரிகளை மாற்றி அடுக்கினேன். மறுத்தது. இயந்திரத்தை அணைத்து ஏற்றினேன்; அது வேலைக்கு ஆகாது என்று மற்றவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியவன் நானே. மறுத்தது.

"மாஸ்டர் ஒரு சொல்லை மாத்தச் சொன்னவர் எல்லோ?" என்றார் நாகேசு.

"அது சலுகை. நமக்கு வேண்டியது நீதி."

"சரி. மண்ணெண்ணெய் முடியிறதுக்கிடையிலை நீதி கிடைச்சா நல்லது."

பிற்பகலில் ரேடியோ இரைந்தது. றெஜியின் குரல். அவசரமாக இருந்தது.

"நாகேசண்ணை, சூசை அண்ணையின்ரை கட்டையடியிலை காலமை நாலு சோடி எண்ணினனான். தம்பியின்ரை இடத்துக்கு ஆள் பிடிச்சிட்டாரெண்டு நினைச்சன். கேக்கவும் ஏலாதுதானே. இப்ப படகு வந்திட்டுது. மூண்டு பேர்தான் இறங்கினவை. நாங்கள் மூண்டு பேர்தான் போனனாங்கள் எண்டு சத்தியம் பண்ணுகினம். ஒரு சோடி மிஞ்சிக் கிடக்கு. ஆரோ குளிக்க இறங்கி இழுபட்டிட்டினம் போலை. உங்கடை பக்கம் ஒருத்தரும் கரை ஒதுங்கேல்லையோ?"

"இல்லை மாஸ்டர். ஆற்றை செருப்பு?"

"தெரியேல்லை. பெண்டுகள் எல்லாரும் வந்து பாத்தவை. ஒருத்தரின்ரை வீட்டுச் செருப்புமில்லை. காத்து வேறை மாறுது. என்ரை கட்டையடியிலை கிடந்தது, நான்தான் பாக்கவேணும் எண்டு சூசை அண்ணை திரும்பக் கடலுக்குப் போயிட்டார். தெரேசா அக்கா கரையிலையே நிக்கிறா."

இத்தகைய தருணங்களுக்காகவே நான் பிறந்திருக்கிறேன். ரேடியோவை வாங்கினேன். முதலில் கிராம அலுவலரான விதானையாருக்கு அறிவிக்க வேண்டும், பிறகு போலீஸ், கடற்படைக்கு எழுத்தில் தகவல், செருப்பைத் தொடாமல் சாட்சிகளோடு வைக்க வேண்டும், நிறமும் அளவும் குறிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுமுனையில் றெஜி பணிவாக, "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். "நிறம் நீலம் சேர். ரப்பர். புதுசு."

நாகேசு என்னைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்கடை செருப்பு எங்கை?"

"மிஷன் வீட்டுப் படியில்."

"என்ன நிறம்?"

ரேடியோவில் றெஜி, "சேர், நிக்கிறியளோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடலில் காணாமல் போன அந்த மனிதன் கடைசியில், "நான்தான் அது" என்று சொன்னான். சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை. சூசையிடம் ரேடியோ கிடையாது.

வாசலில் போய் நின்றேன். பனை மட்டைகள் சரசரக்கத் தொடங்கியிருந்தன. காற்று வடகிழக்கிலிருந்து வந்தது. என் தம்பி என்றால் நான் போயிருப்பேனா என்று யோசித்தேன். முன்பின் அறியாத ஒருவரின் செருப்புக்காகப் போயிருப்பேனா என்பதை யோசிக்கவே துணியவில்லை. நாகேசு இரண்டு பேரைத் துறைக்கு அனுப்பினார். எனக்குச் செய்ய எதுவும் இல்லை. செய்ய எதுவும் இல்லாதபோது நான் விதிப் புத்தகம் படிப்பேன்.

படித்தேன். இம்முறை முதல் பாதியை மெதுவாக. வகை அப்படியே பொருந்த வேண்டும். வரிசையின் நீளமானால் மட்டும் விலக்கு. நான் எழுதிய பகுதியில் வரிசை எதுவும் இல்லை. விலக்கை விதியாக வைத்துக்கொண்டு அரையாண்டு சண்டை போட்டிருக்கிறேன். நாலு என்றால் நாலு என்று வாங்கிக்கொண்ட ஊர்காவற்றுறைக் கம்பைலர்தான் தவறு. அதே கரையில் காலையில் எண்ணிய கணக்கிலும் நாலு சோடி இருந்தது, எண் சரி, நாலாவது சோடி கடலுக்குப் போகிறவனுடையது அல்ல. இந்த நாலு வேறு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இங்கே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் மேல்தான் நான் புகார் கொடுத்திருந்தேன்.

ஒரு சொல்லை மாற்றினேன். நிரல் ஓடியது. நாகேசு, "நீதி கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார். நான் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன்.

பொழுது சாயும் முன் துறைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சூசை. நனைந்து, உதடு வெளுத்து, இன்னும் இரண்டு பேரோடு. இங்கே யாராவது ஒதுங்கினார்களா என்று கேட்கத்தான் அவர் கரை பிடித்திருந்தார். விஷயத்தை வழியிலேயே சொல்லிவிட்டார்கள் போலும். நாற்காலியில் இருந்த என் முன்னால் நின்று, முகத்தைப் பார்க்காமல் முதலில் காலைத்தான் பார்த்தார்.

"நீங்களோ நாலாம் ஆள்?"

"ஆமாம். மன்னிக்க வேண்டும்."

"கடலுக்கை தேடினன். நீங்கள் கதிரையிலை இருக்கிறியள்." சுவரோரம் குந்தினார். "நாகேசு, தேத்தண்ணி வையும். ஐயாவுக்கும் வையும். செத்துப் பிழைச்ச மனிசன்."

நெடுந்தீவுப் பட்டியலின் முதல் பதிவு அதுதான்: சூசையின் படகு, மூன்று பேர், கரையில். நாகேசு ரேடியோவில் அதைச் சொன்னார். மறுமுனையில் தெரேசா அக்காவின் குரல்: "நீர் சொன்னது காணும். அவர் கதைக்கட்டும்."

சூசை ரேடியோவை வாங்கி, "ஓம், நான்தான்" என்றார். பிறகு, "ஓம், அவர்தான், கூழ் குடிச்சவர்" என்றார். அதற்கு அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுத விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னை முன் வரிசையில் உட்கார்த்தினார்கள். செருப்போடு. செருப்புக் கணக்கை அடியோடு விட வேண்டும் என்றார் ஒருவர். போகும்போது வாயால் கேட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். அவரை எல்லோரும் கத்தி உட்கார வைத்தார்கள். சங்கத் தலைவர் வெளியூர்க்காரர்கள் கரைக்கு வரக்கூடாது என்று தீர்மானம் எழுதப் போனார். கடைசியில் சத்தத்தின் நடுவில் யாரோ சொன்னதை ஒவ்வொருவரும் தான் சொன்னதாகச் சொல்லி முடிந்தது: படகுக்குப் பூசுகிற பெயின்ட்டையே கட்டையிலும் அந்தப் படகுக்காரர்களின் செருப்பு வாரிலும் பூசுவது. பச்சைக் கட்டையடியில் பச்சை வார் மட்டும் எண்ணப்படும். பட்டியல் தொடரட்டும் என்று கை தூக்கினார்கள். சூசையும் தூக்கினார். தெரேசா அக்கா கதவருகே நின்று, சூசையின் கை எல்லோருக்கும் பிறகு இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னை வந்ததும் முறைப்படி புகாரைத் திரும்பப் பெறும் கடிதம் அனுப்பினேன். தவறு என்னுடையது, தங்கள் கம்பைலர் விதிப்படியே நடந்திருக்கிறது, அதில் கைவைக்க வேண்டாம் என்று வணக்கத்தோடு எழுதினேன். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. வாடையில் இரண்டு படகுகள் நெடுந்தீவில் ஒதுங்கியதையும், யாரும் தேடப் போகவில்லை என்பதையும் றெஜி எழுதியிருந்தார்.

பிறகு அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. என் புகாரை அவர்களுடைய குழு கவனமாக ஆராய்ந்ததாம். நான் சொன்னதே சரியாம். கம்பைலரின் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டார்களாம், அடுத்த பதிப்பில் எந்த நாலையும் நாலாகவே ஏற்றுக்கொள்ளுமாம். என் இரண்டாவது கடிதம் தனிப் புகாராகப் பதிவாகி, உரிய வரிசையில் காத்திருப்பதாகவும் தெரிவித்திருந்தார்கள்.

உடனே றெஜி மாஸ்டருக்கு போன் போட்டேன். நெடுந்தீவில் இருக்கும் பழைய கம்பைலரைத் தொட வேண்டாம், புதியது யார் கொண்டுவந்து கொடுத்தாலும் போட வேண்டாம் என்றேன்.

"ஏன் சேர், நீங்கள் தோத்திட்டியளோ?"

"இல்லை மாஸ்டர். ஜெயித்துவிட்டேன்."

பதில் வந்த நாள், 2004ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கல்.